முளைக்காத பற்கள்

நம் ஊர்களில் குழந்தையின் பால்பல் விழுந்தால் அதனைச் சாண உருண்டையில் பொதிந்து கூரைமேல் எறியச் செய்வது வழக்கம். எறிந்த குழந்தை அன்று முதல் கண்ணாடிமுன் நின்று புதுப்பல்லை எதிர்பார்த்திருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பல் உரிய காலத்தில் முளைத்துவிடுகின்றது. சில குழந்தைகளுக்கோ ஓரிரு பற்கள் எவ்வளவு காலம் காத்திருந்தாலும் முளைப்பதில்லை. தாடைக்குள் அப்பற்களின் முளையே உருவாகாமல் போவதுதான் காரணம். இதனைப் பிறவிப் பல்லின்மை என்பர்.

நூல் விலை, உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பேசும் இவ்விதழில் பல்லைப் பற்றிய பாடம் எதற்கு என்று உறுப்பினர் சிலர் வினவலாம். இக்குறையை அறியாமையால் நம் வீடுகளில் இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. விழாமல் நிற்கும் பால்பல்லை, அதன் கீழே வேறு பல் உண்டா என்று பாராமலே பிடுங்கிவிடுவது ஒன்று. பல் முளைக்காத பெண்ணையும் அவளைப் பெற்ற தாயையும் குறை கூறுவது மற்றொன்று. முதல் தவற்றால் இழந்த பல் திரும்ப வாராது. இரண்டாவது தவற்றால் பட்ட புண் எளிதில் ஆறாது. இவ்விரண்டையும் தவிர்க்கும் அளவுக்கேனும் செய்தியை நாம் அறிந்துகொள்வது நன்று.

பற்களின் கணக்கு

பால்பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் அவை நிறைவுறும். நிலைப்பற்கள் 32. மேல்தாடை, கீழ்த்தாடை ஆகியவற்றின் இடப்பாதி, வலப்பாதி ஒவ்வொன்றிலும் எட்டுப் பற்கள் உள்ளன. நடுவிலிருந்து எண்ணினால், நடு வெட்டுப்பல், பக்க வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பற்கள் இரண்டு, கடைவாய்ப்பற்கள் மூன்று என்பது வரிசை. மூன்றாம் கடைவாய்ப்பல்லையே ஞானப்பல் என்கிறோம்.

நிலைப்பற்களுள் 20 மட்டுமே பால்பற்களின் இடத்தில் வருவன. கடைவாய்ப்பற்கள் 12-உம் பால்பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைப்பன. ஆறு வயதளவில் வரும் முதற் கடைவாய்ப்பல்லைப் பலர் பால்பல் என்று எண்ணி, சொத்தை விழுந்தாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். அது வாழ்நாள் முழுதும் நிற்க வேண்டிய பல் என்பதை மறத்தலாகாது. நடு வெட்டுப்பற்கள் 6 முதல் 8 வயதிலும், மேல் பக்க வெட்டுப்பற்கள் 8 முதல் 9 வயதிலும், இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதிலும் முளைப்பது இயல்பு. சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம்.

பல்லின் வேலை வாயில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிடுகின்றது. தாயின் வயிற்றில் ஆறாம் வாரமளவிலேயே பால்பற்களின் முளைக்குரிய தசைப்பட்டை உருவாகின்றது. நிலைப்பற்களின் முளைகள் அதிலிருந்தே பின்னர்க் கிளைக்கின்றன. அவ்வாறு கிளைக்க வேண்டிய இடத்தில் ஒன்று கிளைக்காது நின்றுவிட்டால், அந்த இடத்துப் பல் எக்காலத்தும் இராது.

எத்தனை பேருக்கு?

இது மிக அரிய குறை என்று எண்ணுதல் வேண்டா. உலகின் பல நாடுகளில் நடந்த 93 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கு ஒன்று, ஞானப்பல்லை நீக்கி எண்ணியபோது, மக்களுள் 6.4 சதவிகிதத்தினருக்கு ஒரு நிலைப்பல்லேனும் பிறவியிலேயே இல்லை என்று காட்டியது. கண்டங்கள் வாரியாகப் பார்த்தால் ஆப்பிரிக்காவில் 13.4, ஐரோப்பாவில் 7, ஆசியாவில் 6.3, வட அமெரிக்காவில் 5 சதவிகிதம் என்று அமைந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் இக்குறை சற்று மிகுதி.

இக்கணக்கை நம் ஊர் அளவில் வைத்துப் பார்ப்போம். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், அவர்களுள் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இக்குறை இருக்கலாம். சுற்றுவட்டாரப் பள்ளிகளில் 1,000 பிள்ளைகள் படித்தால் அறுபதின்மருக்கு மேல் இருக்கலாம். ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. இக்குறை உடையோருள் ஆறில் ஐவருக்கு இல்லாத பற்கள் ஒன்று அல்லது இரண்டே. ஆறு பற்களோ அதற்கு மேலோ இல்லாதவர் ஏறக்குறைய எழுநூற்றில் ஒருவர்.

ஞானப்பல் இல்லாமை இன்னும் பொதுவானது. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, உலக மக்களுள் 22 சதவிகிதத்தினருக்கு மேல் ஒரு ஞானப்பல்லேனும் உருவாவதில்லை. அதனைக் குறையென்றே கருதத் தேவையில்லை. பால்பல் உருவாகாமை மிகக் குறைவு. ஐரோப்பியக் குழந்தைகளிடம் அது 1 சதவிகிதத்துக்கும் கீழே.

கணக்கைப் படிக்கும் முறை

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பல் வரிசையைச் சீர்செய்ய வந்த 5 முதல் 15 வயது வரையுள்ள 3,358 சிறுவர் சிறுமியரை ஜப்பானியப் பல் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 8.5 சதவிகிதத்தினருக்குப் பிறவிப் பல்லின்மை காணப்பட்டது. ஆண் பிள்ளைகளிடம் 7.5, பெண் பிள்ளைகளிடம் 9.3 சதவிகிதம். இவ்வெண்ணைக் கொண்டு ஜப்பானியக் குழந்தைகள் அனைவரிடமும் இதே அளவு இருக்கும் என்று முடிவு செய்யலாமா? கூடாது.

காரணத்தை நெசவாளர் எளிதில் உணர்வர். விற்பனை நிலையத்திலிருந்து திரும்பி வந்த சேலைகளை மட்டும் விரித்து, இழை விட்டவற்றை எண்ணினால், சங்கத்தின் நெசவு முழுவதுமே பழுது என்று தோன்றும். தறியிலிருந்து இறங்கிய சேலைகள் அனைத்தையும் எண்ணினால்தான் உண்மை தெரியும். அதுபோலவே, பல் வரிசையில் ஏதோ குறை கண்டு மருத்துவரிடம் வந்த பிள்ளைகளை எண்ணும்போது விகிதம் கூடுதலாகத் தோன்ற இடமுண்டு. எண்ணை மட்டும் பாராமல், யாரை எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவோமாக. சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போதும் இப்பழக்கம் நமக்கு உதவும்.

எந்தப் பற்கள் இல்லாமற் போகின்றன?

எல்லாப் பற்களும் ஒரே அளவில் இல்லாமற் போவதில்லை. ஒவ்வொரு வகைப் பற்களிலும் கடைசியாக வரும் பல்லே பெரும்பாலும் தவறுகின்றது. வெட்டுப்பற்களுள் பக்க வெட்டுப்பல்லும், முன்கடைவாய்ப்பற்களுள் இரண்டாவதும், கடைவாய்ப்பற்களுள் ஞானப்பல்லும் அத்தகையன. ஞானப்பல்லை விடுத்தால், இல்லாத பற்கள் நூற்றில் ஏறக்குறைய 41 கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள். 23 மேல் பக்க வெட்டுப்பற்கள். 21 மேல் இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள். நடு வெட்டுப்பல், கோரைப்பல், முதற் கடைவாய்ப்பல் ஆகியவை இல்லாமற் போவது அரிது.

சில வேளைகளில் பல் அடியோடு இல்லாமற் போகாமல், ஊசிபோல் கூர்ந்து சிறுத்து முளைக்கும். ஒரு பக்கத்துப் பக்க வெட்டுப்பல் இவ்வாறு சிறுத்திருந்தால், மறுபக்கத்துப் பல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். பால்பற்கள் இரண்டு ஒட்டி ஒன்றாய் முளைத்திருந்தாலும், ஒரு பால்பல் முளைக்காமலே இருந்தாலும், அவற்றின் இடத்தில் வர வேண்டிய நிலைப்பல் இல்லாதிருக்கக் கூடும்.

யார் மேல் குற்றம்?

யார் மேலும் இல்லை. பேறுகாலத்தில் தாய் இதனை உண்டாள், அதனை உண்ணவில்லை என்று பழி கூறுவது பொருந்தாது. மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று கூறுவதைப் போலவே, பல் முளைக்காமையைக் கேட்டின் அறிகுறியாகக் கொள்வதும் வெறும் அச்சமே.

இக்குறை பெரும்பாலும் மரபு வழி வருவது. 1996-இல் எம்.எஸ்.எக்ஸ்.1 என்னும் மரபணுவும், 2000-இல் பாக்ஸ்9 என்னும் மரபணுவும் இதனோடு தொடர்புடையன என்று கண்டறியப்பட்டன. பின்னர் வேறு பல மரபணுக்களும் அறியப்பட்டன. இது தந்தை வழியாகவும் வரலாம், தாய் வழியாகவும் வரலாம். ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பல் இல்லாமலும், மற்றொருவருக்குப் பல் சிறுத்தும், இன்னொருவருக்கு எல்லாப் பற்களும் நிறைந்தும் இருப்பதுண்டு. ஆதலின் பெண் பார்க்க வந்த வீட்டார் பெண்ணின் பல்லில் இடைவெளி கண்டு தயங்குவார்களாயின், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஞானப்பல்லோ முன்கடைவாய்ப்பல்லோ இல்லாதிருக்கலாம் என்பதை நினைவூட்டலாம். வெளியே தெரியாத இடத்தில் இருப்பதால் அதனை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரபு தவிர வேறு காரணங்களும் சில உள. பிளவுபட்ட உதடும் அண்ணமும் உடைய குழந்தைகளுக்குப் பிளவின் அருகே பல் இல்லாமற் போவது மிகுதி. மிக இளம் வயதில் புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்ச் சிகிச்சையோ பெற்ற பிள்ளைகளுக்கும், அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த பற்கள் நின்றுவிடலாம்.

சிந்து நாட்டுக் குடும்பம்

பல பற்கள் இல்லாதிருத்தல் சில வேளைகளில் உடலின் வேறொரு குறைக்கும் அடையாளமாகும். சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர், வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் அடையும் வேறுபாடுகளைப் பற்றி எழுதிய நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், இன்று பாகிஸ்தானில் உள்ள சிந்து நாட்டைச் சேர்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகின்றார். அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் ஆண்கள் பதின்மருக்குச் சிறிய வெட்டுப்பற்கள் நான்கும் பின்பற்கள் எட்டுமே இருந்தன. உடலில் மயிர் மிகக் குறைவு; இளமையிலேயே வழுக்கை; கோடையில் தோல் வறண்டு பெரிதும் துன்புற்றனர். பெண்கள் எவருக்கும் இக்குறை இல்லை. ஆனால் அப்பெண்களின் ஆண் மக்களுக்கு அது வந்தது.

இன்று இதன் காரணம் விளங்கிவிட்டது. தாயிடமிருந்து மகனுக்குச் செல்லும் மரபணு ஒன்றின் பழுதே அது. அம்மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. இப்பழுது உடையோருக்குப் பல், மயிர், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் சரிவர உருவாவதில்லை. பழுதைச் சுமக்கும் பெண்களுக்கு ஓரிரு பற்கள் இல்லாமலோ கூர்ந்தோ இருப்பதுண்டு என்பதும் பின்னர் அறியப்பட்டது.

உழவர் குடும்பங்களும் நெசவாளர் குடும்பங்களும் இதனை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். வியர்க்காத குழந்தையின் உடல் வெயிலில் குளிர்வதற்கு வழியில்லை. வயல் வரப்பிலோ ஓட்டுக் கூரையின் கீழ்த் தறிக்குழியருகிலோ கிடத்தப்பட்ட அக்குழந்தைக்குக் கோடை தோறும் காய்ச்சல் வரும். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஒரு குழந்தைக்கு மயிர் மிக மெலிந்து, வியர்வை காணாது, 18 மாதம் ஆகியும் பல் முளைக்காமலோ முளைத்த பற்கள் ஆணிபோல் கூர்ந்தோ இருந்தால், தாமதமின்றிக் குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நிழலில் வைத்தல், ஈரத்துணியால் உடலைத் துடைத்தல், அடிக்கடி நீர் பருகச் செய்தல் ஆகிய எளிய முறைகளே அக்குழந்தையைக் காக்கும். மூன்று நான்கு வயதிலேயே கழற்றி மாட்டும் பல் வரிசை செய்து கொடுத்து, வளர வளர மாற்றித் தரவும் இயலும்.

விழாத பால்பல்

இனி நம் பாடத்தின் முதன்மையான பகுதிக்கு வருவோம். நெசவாளர் ஒருவரின் மகளுக்கு வயது 12 எனக் கொள்வோம். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிட்டது. இடப்பக்கத்தில் பால் கடைவாய்ப்பல் அசையாமல் நிற்கின்றது. "பழைய பல் வழிமறித்து நிற்கின்றது, நூலைக் கட்டி இழுத்துவிடு" என்கிறார் பாட்டி. வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. இழுக்கலாமா?

பயிர் செய்வோருக்கு இதன் விடை தெரியும். விதைத்த வரிசையில் ஒரு குழியில் முளை காணாவிடில், உடனே மண்ணைக் கிளறிவிடுவதில்லை. விதை தாமதமாக முளைக்கின்றதா, மண்ணிறுகித் தடைப்பட்டதா, குழியில் விதையே இல்லையா என்று முதலில் பார்ப்போம். விதை இல்லையென்று தெரிந்த பின்னரே பாடுவாசி நிரப்புவோம். பல்லிலும் இம்மூன்றும் உண்டு. புதுப்பல் தாமதமாக வரலாம். உருவாகியும் திசைமாறியோ மிகைப்பல் ஒன்று தடுத்தோ எலும்புக்குள் நிற்கலாம். அல்லது உருவாகாமலே இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இம்மூன்றையும் பிரித்தறிய எவராலும் இயலாது. எக்ஸ்ரே படம் ஒன்றே வழி.

படத்தில் புதுப்பல் தெரிந்து, பால்பல் உண்மையிலேயே வழிமறித்தால் மருத்துவர் அதனை எடுப்பார். புதுப்பல் இல்லையென்றால் நிலைமை வேறு. அப்போது அப்பால்பல் இடையூறு அன்று. அந்த இடத்துக்கு உள்ள ஒரே உடைமை. கீழே வந்து அதன் வேரைக் கரைக்கப் புதுப்பல் இல்லாமையால் அது நெடுங்காலம் நிற்கக் கூடும். 20 வயது வரை உறுதியாக நின்ற பால் கடைவாய்ப்பல் அதன் பின்னும் நீடித்து நிற்பது பெரும்பான்மை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 40 வயதைக் கடந்தும் பால்பல்லால் மென்று வாழ்வோர் உண்டு. அத்தகைய பல்லை நூல் கட்டி இழுத்தால், சில நொடிகளில் போவதை மீட்கப் பல ஆண்டு வருமானம் செலவாகலாம்.

எல்லாப் பால்பல்லையும் காத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. வேர் கரைந்து ஆடும் பல்லும், எலும்போடு ஒட்டிக்கொண்டு அண்டைப் பற்களைவிடத் தாழ்ந்துபோகும் பல்லும் நிலைப்பதில்லை. பற்கள் நெருங்கியிருக்கும் வாயில், பால்பல்லை உரிய வயதில் எடுத்துவிட்டுப் பின்பல் முன்னகர்ந்து இடத்தை மூடும்படி செய்வதும் ஒரு முறையே. படம் பார்த்த மருத்துவர் காரணங் கூறிச் செய்யவேண்டிய முடிவு அது.

படம் எடுக்கும் வயதும் முக்கியம். இரண்டாம் முன்கடைவாய்ப்பல் தாடைக்குள் உருவாவது சில குழந்தைகளிடம் மிகத் தாமதமாகும். எட்டு அல்லது ஒன்பது வயதுக்கு முன் எடுத்த படத்தில் அது தெரியவில்லை என்றால், இல்லை என்று உறுதியாகக் கூறிவிட முடியாது.

இடைவெளிக்குப் பரிகாரம்

இல்லாத பல்லின் இடத்தை இரண்டு வகையில் சீர்செய்யலாம். அண்டைப் பற்களைக் கம்பி கட்டி நகர்த்தி இடைவெளியை மூடுவது ஒன்று. இடைவெளியை வைத்துக்கொண்டு செயற்கைப் பல் பொருத்துவது மற்றொன்று. கழற்றி மாட்டும் பல்லும், அண்டைப் பல்லோடு ஒட்டும் பாலமும் வளரும் வயதில் உதவும். எலும்பில் திருகாணி பதித்துப் பொருத்தும் பல்லைத் தாடையின் வளர்ச்சி முடியும் வரை வைத்தலாகாது. தாடையோடு இயற்கைப் பற்கள் மேலெழும்போது திருகாணிப் பல் எழாமல் தாழ்ந்து நின்றுவிடும். ஆகவே பெண்களுக்கு ஏறக்குறைய 18 வயதும், ஆண்களுக்கு 20 வயதும் கடந்து, வளர்ச்சி நின்றமை உறுதியான பின்னரே அது தகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உடனே பதித்துவிடலாம் என்று யாரேனும் கூறினால், வேறொரு மருத்துவரையும் கலந்துகொள்வது நலம்.

முளைக்காத பல்லை மருந்தால் முளைக்கச் செய்யும் முயற்சியும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ நகரில் 2024-இல் அத்தகைய மருந்தை மனிதரிடம் சோதிக்கத் தொடங்கினர். முதற்கட்டம் மருந்து தீங்கற்றதா என்று அறிவதற்கே. பல் முளைக்க வைக்கும் மருந்து என்று சந்தையில் எவரேனும் விற்றால் அதனை நம்ப வேண்டா.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளையின் பிறந்த நாள் தோறும் வெளிச்சத்தில் நிறுத்தி, இடப்பக்கப் பற்களையும் வலப்பக்கப் பற்களையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் முளைத்த பல் மறுபக்கத்தில் ஆறு மாதமாகியும் முளைக்காவிடில், அல்லது 13 வயதாகியும் பால்பல் விழாதிருந்தால், பல் மருத்துவரிடம் காட்டுவோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கின்றனர். எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பாஸ் புத்தகம் போல் பத்திரப்படுத்துவோம். பத்தாண்டுக்குப் பின்னும் அது பயன்படும். சங்கத்தின் சார்பில் மருத்துவ முகாம் நடக்குமானால், உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பல் மருத்துவர் ஒருவரையும் அழைக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்போம். தனியொரு குடும்பத்துக்கு வீண் செலவாகத் தோன்றுவது, நூறு குடும்பங்கள் கூடிச் செய்யும்போது எளிதாகும். அதற்காகவே நாம் சங்கமாகக் கூடியிருக்கின்றோம்.

கூட்டத்தில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நிலைப்பற்களுள் பால்பல்லுக்குப் பதிலாக வருவன எத்தனை? புதிதாக முளைப்பன எத்தனை?

2. மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணிய கணக்கை ஊர் முழுதுக்கும் பொருத்தலாமா? ஏன்?

3. விழாத பால்பல்லைப் பிடுங்கும் முன் அறிய வேண்டியது என்ன?

4. பல் முளைக்காமையோடு வியர்வையும் இல்லாத குழந்தையைக் கோடையில் எவ்வாறு காப்பது?

5. பல் இடைவெளியைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைக் குறை கூறும் உறவினருக்கு நாம் என்ன விடை கூறுவோம்?